நூலகம் ஸ்கேன் பிடிஎஃப் வாசிக்க எந்த ஈ-ரீடர்? 6 இன்ச் போதுமா?

லிந்துலை_வாசகன்

எல்லாருக்கும் வணக்கம். ஈ-ரீடர் ஒன்று வாங்கப் போகிறேன். டேப்லெட் வேண்டாம், மை-திரை உள்ளதுதான் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

வாசிக்கப் போவதில் பாதிக்கு மேல் ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளத்தில் இறக்கிய பிடிஎஃப். பழைய மலையகச் சஞ்சிகைகள், சிறுகதைத் தொகுப்புகள், எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். மிச்சம் தமிழ் ஈபப் (எழுத்தளவை மாற்றக்கூடிய மின்நூல்), கொஞ்சம் ஆங்கில நாவல். பழைய வேர்ட் ஃபைல்களும் ஒரு குவியல் கிடக்கிறது. வாசிக்கும் இடம் இரண்டு: இரவில் மற்றவர்கள் தூங்கும் அதே காம்பரா (அறை), பிறகு ஹட்டன் – கொழும்பு பஸ்.

கடையில் சொல்வது மூன்று: சாதாரண கிண்டில், கிண்டில் பேப்பர்வைட், கோபோ கிளாரா பிடபிள்யூ. எனக்குத் தெரிய வேண்டியது:

ஸ்கேன் பிடிஎஃப் 6 இன்ச் திரையில் வாசிக்கிற மாதிரி இருக்குமா? கோபோவில் தமிழ் ஒழுங்காக வருமா? பக்கம் திருப்ப பட்டன் அவசியமா? கலர் திரைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? நம்ம பக்கத்து ஈரத்துக்கும் குளிருக்கும் இது தாங்குமா?

பழம்புத்தகம்

தம்பி, கிண்டிலா கோபோவா என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமா வைங்க. உங்க பட்டியலில் பாதிக்கு மேல் ஸ்கேன் என்றால், முதலில் கையில் எடுக்க வேண்டியது அடிமட்டம்.

ஸ்கேன் பிடிஎஃப் என்பது படம். எழுத்தைப் பெருசாக்கினால் வரி மடங்கி வராது, படம்தான் திரைக்கு வெளியே போகும். அதனால் தாளில் 11 பாயின்டில் இருக்கிற எழுத்து உங்க திரையில் எத்தனை பாயின்டா சுருங்குது என்பதுதான் கணக்கு. 6 இன்ச் திரையின் வாசிப்புப் பரப்பு சுமார் 9.1 × 12.2 செ.மீ. 7 இன்ச் 10.7 × 14.2. 8 இன்ச் 12.2 × 16.3.

நம்ம சிறுகதைத் தொகுப்புகள் பெரும்பாலும் டெமி அளவு, தாள் 14 × 21.6 செ.மீ. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்து இருக்கிற கட்டம் ஏறக்குறைய 10.5 × 17. உயரம்தான் இடிக்கும். 6 இன்சில் 12.2 வகுத்தல் 17, அதாவது 72 வீதம். 11 பாயின்ட் எழுத்து 8-க்குச் சற்றுக் கீழே போகும். பத்திரிகை வரி விளம்பரம் வாசிக்கிற அளவு. முடியும், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கண் கேட்காது. 7 இன்சில் 9 பாயின்ட் தாண்டும். 8 இன்சில் பத்தரை, கிட்டத்தட்ட அச்சுப் புத்தகமே. ஓரம் வெட்டாமல் அப்படியே திறந்தால் 6 இன்சில் 6 பாயின்டுக்கு விழும். “ஈ-ரீடர்ல பிடிஎஃப் வாசிக்க ஏலாது” என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் ஓரம் வெட்டாமல் பார்த்தவர்கள்தான்.

ஏ4 சஞ்சிகை வேறு கதை. வெட்டின பிறகும் கட்டம் 17 × 25 இருக்கும். 6 இன்சில் முழுப் பக்கமா வைத்தால் ஐந்தரை பாயின்ட், அதை விட்டுவிடுங்க. ரீடரைப் படுக்கையாத் திருப்பி, அகலத்துக்குப் பொருத்தினால் 6 இன்சில் 8 பாயின்ட், 7 இன்சில் 9 தாண்டும். ஒரு பக்கம் இரண்டு திரையா வரும். சஞ்சிகை இரண்டு பத்தியா அச்சடிச்சது என்றால் 6 இன்ச்காரருக்கு அதிர்ஷ்டம்: ஒரு பத்தியின் அகலம் 8 செ.மீ. சுமார், அதை 9.1-க்கு விரித்தால் தாளில் இருந்ததை விடப் பெருசாவே தெரியும். ஆனால் பத்தி பத்தியாத் தானே நகர்கிற மென்பொருள் வேண்டும். அதை அடுத்து வருகிறவர்கள் சொல்வார்கள்.

வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்க. 9.1 × 12.2 அளவில் ஒரு அட்டை, 10.7 × 14.2 அளவில் இன்னொன்று வெட்டுங்க. கணினியில் உங்க பிடிஎஃப்பைத் திறந்து, எழுத்துக் கட்டம் அந்த அட்டைக்குள் அடங்கும் வரை சுருக்கி, ஒரு முழங்கை தூரத்தில் வைத்துப் பாருங்க. கடைக்காரர் சொல்வதை விட அந்த அட்டை உண்மை பேசும்.

என் கணிப்பில் உங்க தேவைக்கு 6 இன்ச் பொருந்தாது. 7-இல் தொடங்குங்க. காசு இடம் கொடுத்தால் 7.8 அல்லது 8. பத்து இன்ச் சாதனம் ஏ4-க்கு நல்லதுதான், ஆனால் கிண்டில் ஸ்க்ரைப் முதல் வடிவம் 433 கிராம்; பஸ்ஸில் ஒரு கையில் பிடிக்கிற சாமான் இல்லை.

ஹப்புத்தளை_மூடுபனி

மேல அண்ணன் சொன்னதுக்கு மேல மென்பொருள் பக்கத்தை நான் சொல்றேன்.

ஸ்கேன் வாசிக்கிறவங்களுக்கு கேஓரீடர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. கோபோவுலயும், பாக்கெட்புக்னு இன்னொரு கம்பனி ரீடர்லயும் பூட்டு உடைக்காம போடலாம். கிண்டில்ல போடணும்னா ஜெயில்பிரேக் பண்ணணும். ஒரு அப்டேட் வந்தா வழி அடைஞ்சிரும், அப்புறம் வாய்ப்புக்காகக் காத்திருக்கணும். ஸ்கேன் அதிகம்னா நான் கோபோ பக்கம் சாயுறதுக்கு இதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல.

போட்ட பிறகு செய்ய வேண்டியது. பிடிஎஃப்பைத் திறந்து திரையோட கீழ்ப்பகுதியைத் தட்டினா ஒரு பட்டை வரும். அதுல பக்க வெட்டு இருக்கும்: தானா வெட்டுறது, பாதி தானா, கையால. தூசி, ஓட்டைக் கறை, நூலக முத்திரை உள்ள ஸ்கேன்ல தானா வெட்டச் சொன்னா, அந்தக் கறையையும் எழுத்துன்னு நினைச்சு வெட்டாம விட்டுடும். ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு அளவுல குதிக்கும். அப்ப பாதி தானா வைக்கிற முறைக்கு மாத்துங்க, இல்லாட்டி கையால கட்டம் போடுங்க. அடுத்தது கான்ட்ராஸ்ட். பழுப்பேறின தாளை ஸ்கேன் பண்ணினது மை-திரையில சாம்பலா, அழுக்காத் தெரியும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக்கிட்டே போங்க, பின்பக்க எழுத்தோட நிழல் மறையுற இடத்துல நிறுத்துங்க. அதுக்கு மேல கூட்டினா மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் வீங்கி அடுத்த எழுத்தோட ஒட்டிக்கும். ரெண்டு பத்திச் சஞ்சிகைக்கு ஜூம் வகையில பத்தின்னு ஒண்ணு இருக்கு, அதைத் தேர்ந்தெடுத்தா முதல் பத்தி முடிஞ்சு தானே ரெண்டாம் பத்தி மேலுக்குப் போகும்.

ரீஃப்ளோன்னு ஒரு வசதியும் இருக்கு. படத்தையே சொல் சொல்லா வெட்டி மறுபடி அடுக்கித் தரும். ஆங்கிலத்துக்கு நல்லா வேலை செய்யும். தமிழ்ல வரிக்கு நடுவுல இடம் தாராளமா இருந்தாத்தான். நெருக்கி அச்சடிச்ச புத்தகத்துல மேல் வரியோட ‘கு’, ‘மூ’ கீழ இறங்கி, கீழ் வரியோட ‘கி’, ‘கீ’ மேல் வளைவைத் தொட்டுக்கிட்டு நிக்கும். எங்க வரி பிரியுதுன்னு மென்பொருளுக்குத் தெரியாது. ரெண்டு வரியையும் சேர்த்து ஒரே துண்டா வெட்டிடும். அஞ்சு பக்கம் பார்த்துட்டு சரியில்லன்னா அணைச்சிட்டு படுக்கை முறைக்கே வந்துருங்க.

ரீடர்லயே இவ்வளவும் பண்ண விருப்பமில்லன்னா கணினியில முன்னாடியே வெட்டிக்கலாம். பிரிஸ்னு ஒரு சின்ன மென்பொருள், எல்லாப் பக்கத்தையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கிக் காட்டும். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒரு கட்டம், இரட்டைப்படைக்கு ஒரு கட்டம் போடணும். ஒரே கட்டம் போட்டீங்கன்னா பாதிப் பக்கத்துல வரி முனை வெட்டுப்படும். கட்டுற ஓரம் ஒரு பக்கம் இடதுலயும் மறு பக்கம் வலதுலயும் வரும், அதான்.

இனி தமிழ் ஈபப். கோபோவுல ஈபப்புக்கு ஒரு இயந்திரம், கோபோவோட சொந்த கேபப்புக்கு இன்னொரு இயந்திரம். ஒரே புத்தகம் ரெண்டுலயும் ரெண்டு விதமா வரலாம். தமிழ்க் கொம்பு பிரிஞ்சு வந்தா உடனே ரீடர் பழுதுன்னு திருப்பிக் குடுக்காதீங்க. காலிபர்ல (மின்நூல் வகை மாத்துற கணினி மென்பொருள்) கேபப்பா மாத்திப் போட்டுப் பாருங்க. காலிபர் 8-ஆம் பதிப்புல இருந்து அதுக்குத் தனிச் செருகுநிரல் தேவையில்ல. கேஓரீடர்ல திறந்தா, எழுத்து அமைப்புல கெர்னிங் ‘பெஸ்ட்’னு இருக்கான்னு பாருங்க. அதுக்குக் கீழ வைச்சா எழுத்துச் சேர்க்கை முழுசா நடக்காது.

கடையிலயே சோதிக்க ஒரு ஈபப் ஃபைல் செஞ்சு எடுத்துட்டுப் போங்க, இந்தச் சொற்கள் போதும்: கொக்கு, கோயில், கௌரவம், செம்பு, தேயிலை, க்ஷேத்திரம், ஸ்ரீபாத. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு இடதுல நிக்கணும். புள்ளி வட்டம் ஒண்ணு தனியாத் தெரிஞ்சாலோ, கொம்பு வலது பக்கம் போனாலோ அங்க தமிழ் சரியா அமையல. கௌரவத்துல மட்டும் பிழை வந்தா ரீடரைத் திட்டாதீங்க. நிறையப் பேர் ஔகாரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்துல ளகர எழுத்தைத் தட்டி வைச்சிருப்பாங்க. பார்வைக்கு ஒண்ணு, உள்ள வேற.

ராகலை_கடைசி_பஸ்

பட்டன் பற்றி யாரும் பேசல. பஸ்ஸுல வாசிக்கிறவருக்கு பட்டன் வேணும், அவ்வளவுதான். ஒரு கை கம்பியில, ஒரு கையில ரீடர், கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். கினிகத்தேன வளைவுகள்ல தொடுதிரையைத் தட்டப் போனா ரெண்டு பக்கம் தாவும், இல்லாட்டி மெனு திறக்கும். மழைத் துளி திரையில விழுந்தாலும் தொடுதிரை அதை விரல்னு நினைக்கும். நீர் புகாத ரீடர்னாலும் இந்தப் பிரச்சினை தீராது. தண்ணி உள்ள போகாதுங்கிறது வேற, திரை குழம்பாதுங்கிறது வேற.

நீங்க சொன்ன மூணுலயும் பட்டன் இல்ல. கிண்டில்ல பட்டன் இருந்த ஓயாசிஸ் 2024-ல நின்னுபோச்சு. கோபோ லிப்ரா வரிசை 7 இன்ச், பட்டன் உண்டு. கோபோ சேஜ் 8 இன்ச், பட்டன் உண்டு, 240 கிராம், ஆனா உள்ள 1200 மில்லி அம்பியர் பேட்டரிதான், பெரிய திரைக்கு அது சின்னது. பாக்கெட்புக் இன்க்பேட் 4-ம் பாருங்க, 7.8 இன்ச், 300 பிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), பட்டன், 265 கிராம்.

கலர் வேண்டாம். கலிடோ 3-ங்கிற கலர் மை-திரையில கறுப்பு-வெள்ளை 300 பிபிஐ, கலர் 150 தான். எழுத்துக்கு மேல ஒரு வண்ண வடிகட்டி படிஞ்சிருக்கும், அதனால தாள் சாம்பல் நிறமா இருக்கும், பகல்லயும் விளக்கைக் கூட்டி வைக்கணும், பேட்டரியும் அதுக்குத் தக்கன இறங்கும். உங்க ஸ்கேன் எல்லாம் ஏற்கெனவே பழுப்பு. பழுப்புக்கு மேல சாம்பல் எதுக்கு? லிப்ரா இப்ப வர்றது கலர்தான். பழைய லிப்ரா 2 கறுப்பு-வெள்ளை கிடைச்சா உங்களுக்கு அதுதான் சரி.

பழம்புத்தகம்

ராகலைத் தம்பி பட்டன் விஷயத்தில் சொல்வது சரி. கலர் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு: பாடப்புத்தகம், வரைபடம், சிறுவர் புத்தகம் பார்க்கிறவருக்குக் கலர் பயன்படும். கேள்வி கேட்டவருக்கு இல்லை.

லிந்துலை_வாசகன்

அட்டை வெட்டிப் பார்த்தேன். 6 இன்ச் சரிவராது, அண்ணன் சொன்னதுதான். இன்னும் மூன்று சந்தேகம்.

ஒன்று, பேப்பர்வைட் 7 இன்ச்தானே, அதில் ஸ்கேன் வாசிப்பது அவ்வளவு மோசமா? இரண்டு, தமிழ் ஈபப் ரீடரில் பார்த்தால் சொற்களுக்கு நடுவில் பெரிய பெரிய இடைவெளி வருவதாக ஒருவர் சொன்னார், அது ரீடர் குறையா? மூன்று, என்னிடம் உள்ள பழைய வேர்ட் ஃபைல்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறது. அதை ரீடருக்குக் கொண்டுவர வழி உண்டா?

ஹப்புத்தளை_மூடுபனி

பேப்பர்வைட் 2024 வடிவம் 7 இன்ச், 16 ஜிபி, 211 கிராம், நீர் புகாது, மஞ்சள் வெளிச்சமும் உண்டு. திரை நல்ல திரை. பிடிஎஃப்புக்குப் படுக்கை முறை உண்டு, கான்ட்ராஸ்ட்டும் கூட்டலாம். ஆனா கேஓரீடர் குடுக்கிற மாதிரி வெட்டும் பத்தி நகர்வும் எதிர்பார்க்காதீங்க. பிரிஸ்ல வெட்டி அனுப்பப் பொறுமை இருந்தா பேப்பர்வைட் போதும். ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த வேலை செய்யணும்ங்கிறதை மட்டும் நினைச்சுக்கங்க.

கிண்டில் எடுத்தா ஈபப் விஷயத்துல ஒரு சூட்சுமம். கேபிள்ல நேரா ஈபப் போட்டா ஃபைல் உள்ள போகும், புத்தகப் பட்டியல்ல வராது. செண்ட்-டு-கிண்டில்ங்கிற அமேசான் சேவை வழியா இன்டர்நெட்ல அனுப்பணும். மின்னஞ்சல்ல 50 எம்பி வரைக்கும், இணையப் பக்கத்துல 200 எம்பி வரைக்கும் ஏத்துக்கும். இன்டர்நெட் இல்லாம கேபிள்லதான்னா காலிபர்ல கிண்டிலோட ஃபைல் வகையான ஏஇசட்டபிள்யூ3-ஆ மாத்திப் போடுங்க. கிண்டிலுக்கு உள்ள பெரிய பலம் கடை. 2016 டிசம்பர்ல இருந்து தமிழ்ப் புத்தகம் அங்க வருது. காசு குடுத்துத் தமிழ் மின்நூல் வாங்கறவருக்கு கோபோ கடை அதுக்குப் பக்கத்துல நிக்காது. அதே சமயம் 2025 பெப்ரவரியில இருந்து, வாங்கின புத்தகத்தைக் கணினியில இறக்கி கேபிள்ல ஏத்துற வசதியை அமேசான் எடுத்திட்டாங்க. வைஃபை கட்டாயம்.

இடைவெளி ரீடர் குறையில்ல. தமிழ்ச் சொல் நீளம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’னு ஒரு சொல் வந்தா 6 இன்ச்ல பாதி வரி போயிரும். ரெண்டு ஓரமும் நேரா நிக்கணும்னு அமைப்பு இருந்தா, வரியில மிஞ்சின மூணு சொல்லையும் இழுத்து விரிக்கும், நடுவுல ஆறு ஓடுற மாதிரி வெள்ளை தெரியும். எழுத்தமைப்புல இடது ஒழுங்குக்கு மாத்துங்க, வலது ஓரம் மேடும் பள்ளமுமா இருந்தாப் பரவாயில்ல. கிண்டில்லயும் கோபோவுலயும் அந்த அமைப்பு உண்டு.

எழுத்துரு கட்டாயம் மாத்துங்க. கேபிள்ல மாட்டி, ரீடரோட முதல் மட்டத்துல ‘ஃபான்ட்ஸ்’னு ஆங்கிலச் சின்ன எழுத்துல ஒரு கோப்புறை போட்டு, டிடிஎஃப் ஃபைலை அதுக்குள்ள போடணும். கூகுள் ஃபான்ட்ஸ்ல இறக்கினா வேரியபிள்னு ஒரு ஃபைலும் ஸ்டேட்டிக்னு ஒரு கோப்புறையும் வரும்; ஸ்டேட்டிக் உள்ள இருக்கிறதை எடுங்க. நோட்டோ செரிஃப் தமிழ் அழகு, ஆனா மெல்லிய கோடு மை-திரையில சாம்பலாயிரும், ரெகுலருக்குப் பதிலா மீடியம் எடைய வைங்க. ஆங்கிலமும் தமிழும் கலந்த புத்தகத்துக்கு முக்த மலர் எனக்குப் பிடிச்சது, ரெண்டு மொழியும் ஒரே குடும்பம் மாதிரி நிக்கும்.

பாமினி_விசைப்பலகை

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஃபைலைத் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி நிறைய இருந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. மெய்யெழுத்துப் புள்ளியை பாமினியில் அரைப்புள்ளி விசையில்தான் தட்டுவார்கள். இலங்கையில் யுனிகோட் பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த மலர்கள், பாடக் குறிப்புகள், அழைப்பிதழ்கள் எத்தனையோ இந்த எழுத்துருவில்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே பாமினி எழுத்துருவைப் போர்த்தினால்தான் தமிழ். ரீடரில் அந்தப் போர்வை இல்லை.

வழி இது. லிப்ரே ஆபிஸில் திறந்து முழுவதையும் நகல் எடுத்து, பாமினி–யுனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்றுங்கள். இணையத்தில் இலவசமாக நிறைய உண்டு. நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்து உருக்குலைக்கும். அவற்றை முதலே தேடிக் குறித்து வைத்து, மாற்றிய பின் கையால் திருப்பிப் போடுங்கள். மாற்றிய எழுத்தைப் புதிய ஃபைலில் ஒட்டுங்கள். பழைய ஃபைலிலேயே ஒட்டினால் பாமினி எழுத்துரு மறுபடி ஒட்டிக்கொள்ளும். டாக்ஸ்எக்ஸ் ஆகச் சேமித்து காலிபரில் சேர்த்து, நூல் விபரத்தில் மொழியைத் தமிழ் என்று போட்டு ஈபப் ஆக்குங்கள்.

பாமினியில் செய்த பிடிஎஃப் என்றால் பார்வைக்கு அழகாகத் தெரியும், எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும். தேடினால் ஒன்றும் அகப்படாது, எழுத்தைப் பெருக்கவும் முடியாது. அதிலிருந்தும் நகல் எடுத்து இதே முறையில் மாற்றலாம். ஒவ்வொரு வரி முடிவிலும் பத்தி உடைந்து வரும். காலிபரின் ஹியூரிஸ்டிக் பகுதியில் வரிகளைச் சேர்க்கும் தெரிவைப் போடுங்கள்.

ஸ்கேனுக்கு ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்யலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்: கூகுள் டிரைவும் டெசராக்டும் தமிழ் வாசிக்கும். ஆனால் ரகரத்தையும் துணைக்காலையும் மாற்றி மாற்றி எடுக்கும், பழைய அச்சில் உள்ள சேர்ந்த னா, ணா, றா வடிவங்களிலும் துதிக்கை வைத்த லை, னை வடிவங்களிலும் தடுமாறும். 200 பக்கத்தை மெய்ப்புப் பார்க்கும் நேரத்தில் ஸ்கேனாகவே மூன்று புத்தகம் வாசித்துவிடலாம். சங்க இலக்கியம் போன்றவை மதுரைத் திட்டம் என்ற இலவச மின்தொகுப்பில் ஏற்கெனவே தட்டச்சாகிக் கிடக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்போடு 6 இன்ச் பிடிஎஃப்பும் தருகிறார்கள். முதலில் அங்கே தேடுங்கள்.

பண்டாரவளை_அக்கா

காம்பரா வெளிச்சம், ஈரம், வாங்குற விஷயம் மூணும் மிச்சம் இருக்கு, சொல்றேன் தம்பி.

சாதாரண கிண்டில்ல விளக்கு உண்டு, மஞ்சள் வெளிச்சம் இல்ல. வெள்ளை மட்டும்தான். பக்கத்துல ஆள் தூங்கற காம்பராவுல அந்த நீலச் சாயல் வெள்ளை சுவர் வரைக்கும் அடிக்கும். பேப்பர்வைட், கிளாரா, லிப்ரா எல்லாத்துலயும் மஞ்சளுக்கு மாத்தலாம். உங்க தேவைக்கு இது ஒண்ணே சாதாரண கிண்டிலைத் தள்ளி வைக்கப் போதும்.

குளிர். மை-திரைக்குள்ள கறுப்பு வெள்ளைத் துகள் ஒரு திரவத்துல மிதக்குது, குளிர்ந்தா திரவம் கெட்டியாகி துகள் மெல்ல நகரும். நுவரெலியாவுல ஜனவரி விடியக்காலையில பக்கம் மெதுவாத் திரும்பி, முந்தின பக்கத்து நிழல் தங்கினா அது பழுதில்ல. கையில கொஞ்ச நேரம் வைச்சிருந்தா சரியாகும். புல்லுல உறைபனி விழுற காலையில ஜன்னல் ஓரம் வைச்சு சார்ஜ் போடாதீங்க. லித்தியம் பேட்டரிக்கு உறைநிலைக்குக் கீழ சார்ஜ் ஏத்துறது கேடு.

ஈரம். பேப்பர்வைட், கோபோ மாதிரி ரீடர்ல ஐபிஎக்ஸ்8ங்கிற நீர் புகாத தரம் போட்டிருந்தா நல்ல தண்ணியில 2 மீற்றர் ஆழம், 60 நிமிஷம். மழைக்கும் மூடுபனிக்கும் அது தாராளம். ஆனா யூஎஸ்பி ஓட்டையில ஈரம் இருக்கும்போது சார்ஜர் மாட்டினா முனைகள் அரிச்சுப் போகும். வாயை கீழ் பார்க்கப் பிடிச்சுத் தட்டி, காயவிட்டு, அப்புறம் மாட்டுங்க. அடுப்புக்கிட்ட காய வைக்காதீங்க. ரீடரை விட கவருக்குத்தான் ஆபத்து: தோல் கவரும் துணிக் கவரும் ஜூன், ஜூலையில பூஞ்சணம் பிடிக்கும். துடைக்கக்கூடிய ரப்பர் மாதிரி கவர் எடுங்க, பெட்டியில போட்டு வைக்கிறதா இருந்தா சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு.

திரைக்கு உள்ள மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கு. கீழ விழுந்து உடையறதை விட பையில நசுங்கி உடையறதுதான் அதிகம், சோத்துப் பெட்டியோட மூலை திரையில அழுத்தினாப் போதும். வெளியில கீறல்கூட இருக்காது, உள்ள பாதித் திரை கோடு கோடா நின்னுரும். வாரண்டி அதுக்குக் கிடைக்காது. கவர் வாங்காம ரீடர் வாங்காதீங்க.

சார்ஜ். 5 வோல்ட் போன் சார்ஜர் எதுவும் சரி. ஏப்ரல் பின்னேர இடிக்குக் கேபிளைக் கழட்டி வைங்க. கரண்ட் இல்லாத நேரம் பவர் பேங்க்ல போட்டா பாதியில நின்னு போகும் சில சமயம். ரீடர் இழுக்கிற மின்சாரம் குறைவு, வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு பவர் பேங்க் தானே அணைஞ்சிரும். குறை மின்னோட்ட முறை உள்ள பவர் பேங்க்னா அந்தப் பிரச்சினை இல்ல.

வாங்கும்போது. இறக்குமதி பண்ணி விக்கிற கடையில நீங்க வாங்குறது கடை வாரண்டியா, கம்பனி வாரண்டியான்னு பில்லுலயே எழுதச் சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து நீங்களே வரவழைச்சா 18 வீதம் வாட் தனி, அதைக் கூட்டாம விலை ஒப்பிடாதீங்க. ஒப்பீட்டுக்கு 2024-ல வெளியானப்ப அமெரிக்க விலை: சாதாரண கிண்டில் 110 டொலர், கிளாரா பிடபிள்யூ 130, பேப்பர்வைட் 160 சுமார். இங்க எவ்வளவு ஏத்தி விக்கிறாங்கன்னு அதுல தெரியும். மலிவான கிண்டில்னா பூட்டுத் திரையில விளம்பரம் வர்ற வகையான்னும் பாருங்க.

பாவிச்ச கிண்டில் எடுத்தா, விக்கிறவர் தன் கணக்கை உங்க முன்னாடியே நீக்கணும், ரீசெட் பண்ணணும், நீங்க உங்க கணக்குல நுழைஞ்ச பிறகுதான் காசு. எந்த ரீடர்னாலும் இருட்டுல விளக்கைப் பாதிக்கு வைச்சு வெள்ளைப் பக்கம் ஒண்ணு பாருங்க. கீழ் ஓரத்துல லேசா நிழல் இருக்கிறது வழமை. நடுவுல வெளிச்சப் புள்ளியோ, மேலிருந்து கீழ வரைக்கும் கோடோ இருந்தா வேண்டாம். அப்புறம், வீட்டுக்குப் போய் “கணினியில ரீடர் தெரியல”ன்னு எழுதறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பாருங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் டவுன்ல நிறைய விக்குது, அதுல ஃபைல் போகாது.

லிந்துலை_வாசகன்

நன்றி அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும். லிப்ரா 2 தேடுகிறேன். கிடைக்காவிட்டால் இன்க்பேட் 4. ஒரு கடைசிக் கேள்வி: கேஓரீடர் போட்டால் கோபோவின் சொந்த மென்பொருள் போய்விடுமா?

ஹப்புத்தளை_மூடுபனி

போகாது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஸ்கேனுக்கு கேஓரீடர், மத்ததுக்கு கோபோவோடதுன்னு வைச்சுக்கலாம். கோபோ அப்டேட் வந்த பிறகு கேஓரீடரைத் திறக்கிற தொடக்க மெனு காணாமப் போனா பதறாதீங்க, கேபிள்ல மாட்டி மெனு ஃபைலை மட்டும் மறுபடி போட்டாப் போதும். ஆனா ஸ்கேன் ஃபைல்களை ஒரேயடியாப் போடாதீங்க. கோபோ தன் பட்டியலுக்கு எல்லா பிடிஎஃப்பையும் வாசிச்சுச் சேர்க்கப் பார்க்கும். பெரிய ஸ்கேன் 100 ஒரே தடவையில போட்டா ‘சேர்க்கிறது’ன்னு காட்டிக்கிட்டே கிடக்கும், நடுவுல கேபிளை இழுத்தா மறுபடி முதல்ல இருந்து. பத்துப் பத்தாப் போடுங்க.